மாயமான விமானமும் வாட்ஸ்அப் துப்பறிவாளர்களும்

மார்ச் மாதம் பிறந்தால் போதும், புனேயில் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் ஹோலி வாழ்த்துக்கு முன்னாடியே அது வந்து விழுந்துவிடும். "எம்எச்370: உலகம் மறைத்த உண்மை!!!" கீழே ஒரு வீடியோ, பின்னணியில் பேய்ப்பட இசை. அனுப்புகிறவர் சாதாரண ஆள் இல்லை. ஆடிட்டராக இருப்பார், மென்பொருள் மேலாளராக இருப்பார், வாடகை ஒப்பந்தத்தில் ஒரு கமா மாறியிருந்தாலும் கையெழுத்துப் போடமாட்டார். காணாமல் போன விமானம் என்றால் மட்டும் எதை வேண்டுமானாலும் நம்புவார்.

இதில் இரண்டு கட்சி உண்டு. முதல் கட்சி: விமானம் எங்கேயும் விழவில்லை, டியாகோ கார்சியாவில் அமெரிக்கா ஒளித்து வைத்திருக்கிறது. இரண்டாம் கட்சி: பைலட்தான் பண்ணினான், கேஸ் முடிஞ்சாச்சு. ("பண்ணினான்" என்பதில் இருக்கும் அந்த "ஆன்" விகுதியைக் கவனியுங்கள். 53 வயது, 18,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த கேப்டன். நேற்று வரை "பைலட் சார்". சந்தேகம் வந்ததும் மரியாதை போய்விட்டது, விசாரணை கூட வேண்டாம்.)

எனக்கு இரண்டு கட்சியோடும் சண்டை. யோசித்துப் பார்த்தால் ஒரே சண்டைதான். இருப்பதிலேயே பலமான சாட்சியத்தை இவர்கள் சந்தேகப்படுகிறார்கள். இருப்பதிலேயே நோஞ்சானான சாட்சியத்தை அப்படியே விழுங்குகிறார்கள்.

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக. 2014 மார்ச் 8, நள்ளிரவு 12:42-க்கு கோலாலம்பூரில் இருந்து பெய்ஜிங் கிளம்பிய போயிங் 777. உள்ளே 239 பேர், அதில் 5 பேர் இந்தியர்கள். 1:19-க்கு காக்பிட்டில் இருந்து கடைசிப் பேச்சு. 1:21-க்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ரேடாரில் இருந்து மறைகிறது. ராணுவ ரேடாரில் மட்டும் ஒரு புள்ளி திரும்பி, மலேசியத் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்கு பக்கமாக மலாக்கா நீரிணைக்குள் போகிறது. 2:22-க்கு அதுவும் இல்லை.

சாட்சியம் என்ற பெயரில் முதல் பொய் அந்த ராத்திரியே வந்துவிட்டது. அதைச் சொன்னது எந்தச் சதிகாரனும் இல்லை, ஒரு கணினித் திரை. 1:39-க்கு ஹோசிமின் நகரக் கட்டுப்பாட்டு மையம், "விமானம் எங்கே, எங்களிடம் பேசவே இல்லையே" என்று கோலாலம்பூரைக் கேட்கிறது. விமான நிறுவனத்தின் செயல்பாட்டு அறையில் இருந்து பதில் வருகிறது, கம்போடிய வான்வெளியில் இருக்கிறது என்று. திட்டமிட்ட பாதையே கம்போடியா வழியாக இல்லையே என்று வியட்நாம் தரப்பில் கேட்கிறார்கள். இவர்கள் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் கொடுக்கிறார்கள். காலை 3:30-க்குத்தான் தெரிகிறது, அந்தத் திரை காட்டியது விமானத்தை அல்ல, விமானம் இந்நேரம் எங்கே இருக்க வேண்டும் என்ற கணிப்பை. "கம்போடியாவில் இருக்கிறது" என்று சொன்ன நேரத்தில் விமானம் எதிர்த்திசையில் மலாக்கா நீரிணையின் மேல் போய்க்கொண்டிருந்தது. மீட்பு ஒருங்கிணைப்பு மையம் முடுக்கிவிடப்பட்டது 5:30-க்கு.

நான் பிழைப்புக்கு நெட்வொர்க் கண்காணிப்பு வேலை பார்க்கிறவன். எங்கள் வேலையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: திரையில் பச்சை விளக்கு எரிந்தால் கருவி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, கடைசியாக விசாரித்தபோது உயிரோடு இருந்தது என்றுதான் அர்த்தம். நம் வீடுகளிலும் இதே திரை இருக்கிறது. பிள்ளை சிங்கப்பூருக்கோ மெல்போர்னுக்கோ இரவு விமானத்தில் போகும்போது, செல்போனில் அந்தக் குட்டி மஞ்சள் விமானம் நகர்வதைப் பார்த்தபடி தூங்காமல் உட்கார்ந்திருப்போமே, அதேதான். நடுக்கடலில், எந்தக் கருவிக்கும் சமிக்ஞை கிடைக்காத இடத்திலும் அந்த விமானம் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். பார்க்க ஆறுதலாக இருக்கும், நானும் பார்ப்பேன். ஆனால் அது சாட்சி இல்லை.

அடுத்த நாளில் இருந்து கண்ணால் கண்ட சாட்சிகள் வர ஆரம்பித்தார்கள். வியட்நாம் கடலில் எண்ணெய்த் துரப்பண மேடையில் வேலை பார்த்தவர், விமானம் எரிவதைப் பார்த்ததாக மின்னஞ்சல் அனுப்பினார். மாலத்தீவின் குடஹுவதூ தீவுக்காரர்கள், காலை 6:15 வாக்கில் பெரிய விமானம் ஒன்று தாழப் பறந்ததாகச் சொன்னார்கள். கொச்சியில் இருந்து புக்கெட்டுக்குப் பாய்மரப் படகில் போன ஒரு அம்மணி, ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்த விமானத்தைப் பார்த்ததாகச் சொன்னார். மூன்று பேரும் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மூன்றும் சேர்ந்து உண்மையாக இருக்கவும் வழியில்லை. ஒரு விமானம் வியட்நாம் பக்கம் எரிந்து விழுந்துவிட்டு, காலையில் மாலத்தீவுக்கு மேல் பறக்க முடியாது. மனிதர் எதையோ பார்க்கிறார், பிறகு செய்தி படிக்கிறார், படித்தது பார்த்ததோடு ஒட்டிக்கொள்கிறது.

திருட்டுப் பாஸ்போர்ட்டில் ஏறிய இரண்டு ஈரானிய இளைஞர்கள் ஞாபகம் இருக்கிறதா? ஒரு வாரத்துக்கு அவர்கள்தான் தீவிரவாதிகள். விசாரித்தால் ஐரோப்பாவில் அடைக்கலம் தேடிப் போனவர்கள் என்று தெரிந்தது. அந்தச் செய்தி எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது? அப்புறம், "போன் ரிங் போச்சு" கதை. உறவினர்கள் கூப்பிட்டபோது மணி அடித்ததாம், அதனால் பயணிகள் உயிரோடு இருக்கிறார்களாம். அந்தக் குடும்பங்களின் தவிப்பை நான் கேலி செய்யவில்லை. ஆனால் எதிர்முனைப் போனை நெட்வொர்க் தேடிக்கொண்டிருக்கும்போதே நம் காதில் மணிச் சத்தம் கேட்கலாம். இதை அன்றைக்கே தொலைத்தொடர்புக்காரர்கள் சொன்னார்கள், யார் காதில் விழுந்தது?

கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு ஒரு மந்திரவாதி இரண்டு தேங்காயும் மூங்கில் பைனாகுலருமாக வந்தார், உலகமே சிரித்தது. அவரிடம் ஒரு நேர்மை இருந்தது. தேங்காயில்தான் பார்க்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

பைலட் கட்சிக்கு வருகிறேன். இவர்களுடைய வழக்கு 2014 மார்ச் மூன்றாம் வாரமே எழுதப்பட்டுவிட்டது. அது இரண்டு செங்கல் மேல் நின்றது. ஒன்று, தகவல் தொடர்புக் கருவியான ஏகார்ஸை அணைத்துவிட்டு, அதன் பிறகு ஒன்றும் நடக்காதது போல காக்பிட்டில் இருந்து "குட் நைட்" சொன்னார்கள் என்பது. இரண்டு, அந்தக் கடைசி வார்த்தை, "ஆல் ரைட், குட் நைட்". எவ்வளவு அலட்சியம், என்ன ஒரு குளிர்ந்த மனசு என்று பத்திரிகைகளில் பத்தி பத்தியாக எழுதினார்கள்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். ஏகார்ஸ் கடைசியாகத் தகவல் அனுப்பியது 1:07-க்கு. அடுத்தது அனுப்ப வேண்டியது 1:37-க்கு. இடையில் அது எப்போது நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. "குட் நைட்"டுக்கு முன் அணைக்கப்பட்டது என்று சொன்ன மலேசியத் தரப்பே ஓரிரு நாளில் அதில் இருந்து பின்வாங்கியது. கடைசி வார்த்தை? ஏப்ரல் 1 அன்று முழு உரையாடலும் வெளியானது. "குட் நைட், மலேசியன் 370." வழக்கமாக எந்த பைலட்டும் சொல்வது. மூன்று வாரம் உலகம் மனோதத்துவம் பார்த்த அந்த "ஆல் ரைட்" அங்கே இல்லவே இல்லை. பேசியது துணை பைலட் என்று முதலில் சொன்னார்கள், பிறகு பார்த்தால் கேப்டனின் குரல்.

இரண்டு செங்கல்லும் போய்விட்டது. கட்டடம் மட்டும் அப்படியே நிற்கிறது! எங்கள் அடுக்ககத்தில் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி, நல்ல மனிதர், இதைச் சொன்னபோது சிரித்தார். "தம்பி, நெருப்பில்லாம புகையுமா?" அண்ணாச்சி, புகை என்று நீங்கள் பார்த்ததே மூடுபனி என்கிறேன், நெருப்பைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றேன். பேச்சு அவருடைய மகன் கல்யாணத்துக்குத் திரும்பிவிட்டது.

படிக்காத ஜனங்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரல் 5-ஆம் தேதி முதல் ஆஸ்திரேலியக் கப்பலான ஓஷன் ஷீல்டுக்கு ஆழ்கடலில் "டிக் டிக்" என்று ஒலி கேட்டது. கறுப்புப் பெட்டியின் ஒலிக்கருவியில் பேட்டரி சுமார் 30 நாள்தான் தாங்கும், கெடு முடிகிற நேரம். பிரதமர் டோனி அபாட் மிகுந்த நம்பிக்கையோடு இருப்பதாகச் சொன்னார். ஒலியின் அதிர்வெண் 33 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருந்தது. கருவி எழுப்ப வேண்டியது 37.5. ஆழமும் குளிரும் காரணமாக இருக்கலாம் என்று விளக்கம் சொன்னார்கள். தானியங்கி நீர்மூழ்கியை இறக்கி 850 சதுர கிலோமீட்டர் துழாவினார்கள். ஒரு திருகாணி கூட இல்லை. மே மாதக் கடைசியில் அந்த இடத்தைக் கணக்கில் இருந்தே தள்ளினார்கள். நேரம் கரைந்துகொண்டிருக்கும்போது கேட்ட ஒலி கேட்க விரும்பிய ஒலியாகிவிடுகிறது, கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும். ஆனால் அவர்கள் இறங்கித் தேடினார்கள், இல்லை என்றதும் இல்லை என்று அறிவித்தார்கள். நம் வீடியோக்காரர்கள் எதையாவது திரும்பப் பெற்றதுண்டா?

சரி, பலமான சாட்சியம் என்று எதைச் சொல்கிறேன்? ஒரு செயற்கைக்கோள் நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும் சில எண்கள். இன்மார்சாட் செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, தரைநிலையம் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில். ரேடாரில் இருந்து மறைந்த மூன்றாவது நிமிடம், 2:25-க்கு, விமானத்தின் செயற்கைக்கோள் கருவி மறுபடி உயிர்பெற்று இணைப்புக் கேட்கிறது. அதன் பிறகு ஒரு மணி நேரம் பேச்சில்லாமல் போகும்போதெல்லாம் தரைநிலையம் "இருக்கியா?" என்று கேட்கும், கருவி "இருக்கேன்" என்று சொல்லும். அவ்வளவுதான் உரையாடல். நடுவில் 2:39-க்கும் 7:13-க்கும் தரையில் இருந்து தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார்கள், யாரும் எடுக்கவில்லை. கடைசிப் பதிவு காலை 8:19. எரிபொருள் தீர்ந்து, மின்சாரம் போய், துணை இயந்திரம் கொஞ்ச நேரம் ஓடி, கருவி மறுபடி எழுந்திருக்கப் பார்த்ததோடு அது பொருந்துகிறது.

அந்த "இருக்கேன்" வந்து சேர எடுத்த நேரத்தில் இருந்து செயற்கைக்கோளுக்கும் விமானத்துக்கும் உள்ள தூரம் கிடைக்கும். தூரம் கிடைத்தால் பூமியில் ஒரு வட்டம் போடலாம், அந்தக் கோட்டில் எங்கோ விமானம். அலைவரிசையில் இருந்த சிறு விலகல், நம்மைக் கடந்து போகும் ரயிலின் ஹாரன் சுருதி மாறுவது போன்ற சமாச்சாரம், விமானம் தெற்கே போயிற்று என்றது. இதே கணக்கை அன்று பறந்த மற்ற விமானங்களுக்கும் போட்டுப் பார்த்தார்கள், சரியாக வந்தது.

இதை நான் ஏன் நம்புகிறேன்? இந்தப் பதிவு எந்தக் கதையையும் சொல்வதற்காக எழுதப்பட்டதல்ல. இணைப்புப் பராமரிப்புக்காக ஒரு இயந்திரம் குறித்து வைத்த சலிப்பூட்டும் எண்கள். இப்படி ஒரு கணக்குப் போடுவார்கள் என்று அன்று ராத்திரி யாருக்குமே தெரியாது, எனவே அதை மாற்றி வைக்கும் யோசனை யாருக்கும் வந்திருக்காது. அதைவிடப் பெரிய காரணம் பதினாறு மாதம் கழித்து வந்தது. 2015 ஜூலை 29, ரீயூனியன் தீவின் கரையில் இறக்கையின் ஒரு பாகம் ஒதுங்கியது, மேலே கடற்சிப்பிகள் ஒட்டியபடி. உள்ளே இருந்த எண்களை வைத்து பிரெஞ்சு அதிகாரிகள் அது இதே விமானத்தின் பாகம் என்று உறுதி செய்தார்கள். அடுத்த ஆண்டு தான்சானியாவின் பெம்பா தீவில் இன்னொரு பெரிய பாகம். தென் இந்தியப் பெருங்கடலில் விழுந்தவற்றை நீரோட்டம் மேற்கே ஆப்பிரிக்கா பக்கம் கொண்டுபோகும். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் நிஜமான 777 பாகத்தையே கடலில் மிதக்கவிட்டுப் பரிசோதித்தார்கள். செயற்கைக்கோள் எண்ணுக்கும் கடல் நீரோட்டத்துக்கும் எந்த உறவும் இல்லை. இரண்டும் ஒரே கடலைக் கை காட்டுகின்றன.

கண்டெடுத்த துண்டுகள் முப்பதுக்கும் மேல். அத்தனையும் உறுதியானவை என்று நான் சொல்லவில்லை. மூன்று சந்தேகமே இல்லாதவை, மற்றவை "பெரும்பாலும்", "அநேகமாக" என்று இறங்குவரிசையில். "யாரோ கொண்டுவந்து போட்டிருப்பான்" என்கிறவர்கள், மொசாம்பிக், மொரிஷியஸ், மடகாஸ்கர், தென்னாப்பிரிக்கா என்று இத்தனை கரையில் சிப்பி வளர்த்துப் போட்டுவிட்டு வாய் திறக்காமல் இருக்கும் அந்த ஆட்களை எனக்குக் காட்டட்டும்.

முதல் கட்சிக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அதிகாரிகள் மேல் அவநம்பிக்கை சும்மா வரவில்லை. ராணுவ ரேடாரில் விமானம் திரும்பியது பதிவாகியிருந்தும், ஒரு வாரம் தென்சீனக் கடலில் கப்பல் கப்பலாகத் தேடவிட்டார்கள். பயணிகளின் குடும்பங்களில் பலருக்கு "யாரும் பிழைக்கவில்லை" என்ற செய்தி எஸ்எம்எஸ்ஸில் போனது. விமானத் தகவல் பதிவுக் கருவியின் ஒலிக்கருவி பேட்டரி 2012 டிசம்பரிலேயே காலாவதியாகி இருந்தது. நம் பக்கத்திலும், அந்தமானில் ராணுவ ரேடார்கள் தேவைப்பட்டால் மட்டுமே இயக்கப்படும் என்று அப்போது செய்தி வந்தது. இதெல்லாம் அசட்டையையும் அதை மூடி மறைக்கும் அவசரத்தையும் காட்டுகிறது. ஆனால் தன் அசட்டையை மறைத்தவன் விமானத்தையும் மறைத்தான் என்பது என்ன கணக்கு? அரசாங்க அலுவலகத்தில் கோப்பு தொலைந்துபோனதை மறைக்கிற குமாஸ்தா கோப்பைத் திருடியவன் ஆகிவிடுவானா?

இரண்டாம் கட்சியிடம் ஒரு நல்ல சாட்சியம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கேப்டன் வீட்டில் இருந்த பறத்தல் சிமுலேட்டரில், ஒரு மாதத்துக்கு முன்பான தேதியில், தென் இந்தியப் பெருங்கடல் நோக்கிப் போகும் புள்ளிகள் இருந்தன. சிரித்து ஒதுக்கக்கூடிய விஷயம் இல்லை. என் மனசும் அந்த இடத்தில் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் அவை ஒரே ஓட்டமா, பல விளையாட்டுகளின் சிதறலா என்பதே முழுசாகத் தெரியாத துண்டுகள். அவர் பணக் கஷ்டத்தில் இருந்ததாகவோ மனநிலை சரியில்லாமல் இருந்ததாகவோ காட்ட எதுவும் கிடைக்கவில்லை. 2018 ஜூலையில் வந்த 495 பக்க மலேசிய அறிக்கை, விமானம் கையால் திருப்பப்பட்டது என்றது, மூன்றாம் நபர் தலையிட்டிருக்கும் சாத்தியத்தை மறுக்க முடியாது என்றது, காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று முடித்தது. செயற்கைக்கோள் எண்கள் விமானம் எங்கே போனது என்று சொல்கின்றன. யார் கை என்று அவற்றிடம் கேட்டால் அவை என்ன செய்யும், பாவம்.

இது பழைய கதை என்று விட்டுவிட முடியவில்லை. 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தில் 260 பேர் போனார்கள். ஒரு மாதத்தில் வந்த முதற்கட்ட அறிக்கையில், எரிபொருள் சுவிட்சை ஏன் நிறுத்தினாய் என்று ஒருவர் கேட்டதாகவும், நான் செய்யவில்லை என்று மற்றவர் சொன்னதாகவும் ஒரு வரி. யார் கேட்டது, யார் சொன்னது என்று அதில் இல்லை. அன்று சாயங்காலமே எங்கள் குழுவில் பெயர், போட்டோ, தீர்ப்பு எல்லாம் வந்துவிட்டது. இறந்த பைலட்டுக்கு ஒரு வயதான அப்பா இருக்கிறார் என்பதும் அதே குழுவில்தான் வந்தது. அந்த அப்பா உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

கடைசியாக எல்லோரும் வீசும் ஆயுதம் ஒன்று உண்டு. "எண்கள் சரி என்றால் ஏன் கிடைக்கவில்லை?" 2017 ஜனவரி வரை 1,20,000 சதுர கிலோமீட்டர் தேடினார்கள், கிட்டத்தட்ட தமிழ்நாடு அளவு, அதுவும் பல இடங்களில் நாலு கிலோமீட்டர் ஆழத்தில். (பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பல்கள் கிடைத்தன. நிலக்கரி கூட கிடைத்தது.) 2018-இல் ஓஷன் இன்ஃபினிட்டி இன்னொரு 1,12,000. இல்லை.

2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-ஐப் பாருங்கள். கடைசியாகத் தெரிந்த இடத்தைச் சுற்றி ஒலிக்கருவியின் சத்தத்துக்குக் காது கொடுத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் இல்லை என்றால் விமானம் அங்கே இல்லை என்று முடிவு கட்டி, வேறு எங்கெங்கோ இரண்டு வருடம் தேடினார்கள். பிறகு கணிதக்காரர்கள் உட்கார்ந்து, ஒலிக்கருவி இரண்டுமே பழுதாகி இருந்தால் என்று கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். 2011 ஏப்ரலில் தேடத் தொடங்கிய ஒரு வாரத்தில் கிடைத்தது, கடைசியாகத் தெரிந்த இடத்தில் இருந்து சுமார் 6.5 கடல் மைலில். கேட்காததை இல்லாதது என்று எடுத்துக்கொண்டதற்கு இரண்டு வருட விலை.

நம் வாசலிலேயே ஒன்று உண்டு. 2016 ஜூலை 22, தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32. பயணி விமானம் இல்லை, ஆனால் அதே கடல், அதே மாயம். பல கப்பல்கள், விமானங்கள் தேடியும் கிடைக்கவில்லை. அதற்கும் கதைகள் வந்தன. ஏழரை வருடம் கழித்து, சென்னை தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கி, சென்னைக் கரையில் இருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் எடுத்தது. 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தபோது சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது: படங்கள் ஏஎன்-32 உடன் பொருந்துகின்றன, அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போனதாகப் பதிவு இல்லை, எனவே இது அதுவாக இருக்கலாம். பிறந்து வளர்ந்த ஊருக்கு எதிரில் உள்ள கடலிலேயே ஏழரை வருடம் என்றால், பெர்த்தில் இருந்து ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, அலை வீடு உயரம் எழும் கடலில் என்ன அவசரம்?

2025 மார்ச்சில் மலேசியா ஓஷன் இன்ஃபினிட்டியோடு மறுபடி ஒப்பந்தம் போட்டது, புதிதாக 15,000 சதுர கிலோமீட்டருக்கு, கிடைத்தால் 7 கோடி டாலர், கிடைக்காவிட்டால் காசு இல்லை. ஏப்ரலில் பருவநிலையால் நிறுத்தி, டிசம்பர் 30 முதல் தொடருவதாக அறிவித்தார்கள். பெட்டிகள் என்றாவது கிடைத்தாலும் காக்பிட் குரல் பதிவில் கடைசி 2 மணி நேரம்தான் மிஞ்சியிருக்கும். 1:21-க்கு உள்ளே என்ன பேசினார்கள் என்பது அதன் மேலேயே மறுபதிவாகி எப்போதோ அழிந்திருக்கும். இன்னொரு பெட்டி 25 மணி நேரம் தாங்கும். எந்தச் சுவிட்ச் எப்போது மாறியது, விமானம் எப்படித் திருப்பப்பட்டது என்பது அதில் இருக்கும், இருட்டில் பத்து வருடத்துக்கு மேல் கிடந்த பிறகும் படிக்க முடிந்தால்.